உரியோனும் உறைவோளும்: நெய்தற் பாடல்களில் கடலருகு வாழ்வின் கவர்ச்சி

1. வினா

கொங்கு நாட்டுக் கல்லூரிகளில் சங்க இலக்கியம் கற்பிப்போர் ஒரு குறையைப் பன்முறை கூறக் கேட்கின்றோம். குறிஞ்சியையும் முல்லையையும் மாணவர் எளிதில் உணர்கின்றனர். நெய்தலுக்கு வந்தவுடன் பாட்டு அவர்க்கு அயலாகிவிடுகின்றது என்பதே அக்குறை. அதற்குக் காரணமும் உடன் கூறுவர். மேற்கே வெள்ளியங்கிரியும் ஆனைமலையும், வடக்கே நீலமலையும், கிழக்கே சேர்வராயனும் கொல்லியும் நிற்க, நடுவே அமைந்த இந்நாட்டிற்குக் கடற்கரை என்று சொல்ல ஒரு சாண் நிலமும் இல்லை. கடலைக் கண்டறியாதவர் கடற்பாட்டை யாங்ஙனம் நுகர்வர் என்பது அவர்தம் வினா.

இக்குறையைப் போக்கக் கருதிய நூல்களும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் ஒரே நெறியைப் பின்பற்றுகின்றன. புன்னை, தாழை, ஞாழல், அடும்பு, நாரை, குருகு, அலவன் ஆகியவற்றைத் தொகுத்து வகைப்படுத்தி, நெய்தற் புலவர் கடற்கரையின் எழிலில் எத்துணை ஈடுபட்டனர் என்று வியந்து முடிக்கின்றன. தொகுப்பு வேண்டுவதே. ஆயினும் அம்முடிபு எமக்கு உடன்பாடு அன்று. கடற்கரை எழிலுடையது, இனிமை மிக்கது, தங்குதற்கு உரியது என்று நெய்தற் பாட்டில் எண்ணுவோர் யாவர்? அங்கு உறைவோரா, வந்து மீள்வோரா? இதனைத் தெளியாமல் கடலருகு வாழ்வின் கவர்ச்சியைப் பற்றிப் பொதுப்படப் பேசுதல் பாட்டின் கூற்றமைதியைப் புறக்கணிப்பதாகும்.

இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகின்றது. விடை காணுங்கால், கடலில்லாத கொங்கு நாடு நெய்தலைப் பயில்வதற்குக் குறைபட்ட இடம் அன்று என்பதும் புலப்படும் என்பது எம் கருத்து.

2. கொங்கு நாட்டிற்கு வந்த கடல்

சங்கப் பாடல்கள் காட்டும் கொங்கர், நிலத்தை உடைத்து நீர் கண்ட மக்கள். பதிற்றுப்பத்தின் 22ஆம் பாட்டில் பாலைக் கௌதமனார் வன்னிலத்தில் தோண்டிய கூவலையும், நெடுங்கயிற்றில் கட்டிய சிறு முகவையையும், அதனைச் சூழ்ந்து மொய்க்கும் ஆனிரையையும் கூறி, ஆக்களால் அடையாளம் பெறுவோராகக் கொங்கரைச் சுட்டுகின்றார். அகநானூற்றின் 79ஆம் பாட்டிலும் கல்லை உடைத்துச் செய்த நீர்நிலையை நாடிக் கொங்கரின் மணி பூண்ட ஆயம் விரைகின்றது. அது கிளப்பும் செம்மண் துகள் வழியெல்லாம் படிகின்றது. நீர் இவர்க்கு முயன்று பெற்ற பொருள். பெருநீர்ப் பரப்பு இவர்தம் அன்றாட வாழ்வில் இல்லை.

கொங்கர் கடலை நேரே சென்றடைந்ததாகப் புறநானூறு கூறும் நிகழ்ச்சியும் இனியது அன்று. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவன் கொங்கரைக் குடகடல் வரை ஓட்டிய போரைப் புறம் 130இல் குறிக்கின்றார். பிறர்க்கு வேட்கை தரும் கரை, இவர்க்குப் புறமுதுகிட்டு ஓடிய ஓட்டத்தின் எல்லையாக அமைந்தது.

எனினும் கொங்கர் செல்லாத கடல் கொங்கு நாட்டிற்குப் பல வடிவில் வந்துகொண்டிருந்தது. பதிற்றுப்பத்தின் 74ஆம் பாட்டில் அரிசில் கிழார், கொடுமணத்தில் செய்த வேலைப்பாடு மிக்க அணிகலன்களையும் பந்தர் என்னும் ஊரின் முத்துக்களையும் அடுத்தடுத்து வைத்துக் கூறுகின்றார். கபிலரும் 67ஆம் பாட்டில் இவ்விரண்டு ஊர்களையும் இணைத்தே குறிப்பர். பந்தர் கடற்றுறைப் பட்டினம் என்று கருதப்படுகின்றது. கொடுமணம் என்பது நொய்யலாற்றின் வடகரையில் உள்ள இன்றைய கொடுமணலே என்பது ஆய்வாளர் துணிபு. அங்கு 1985 முதல் பல பருவங்களில் நிகழ்ந்த அகழாய்வுகள் மணிக்கற்களைத் தீட்டி அணி செய்த தொழிலிடங்களையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், சங்கு வளையல்களையும் வெளிப்படுத்தின. வெள்ளலூர் முதலிய ஊர்களில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் கடல் கடந்து வந்த வாணிகத்திற்குச் சான்று. பிரிவால் மெலிந்த தலைவியின் முன்கையினின்று நழுவும் வளை கடலின் சங்கிலிருந்து அறுக்கப்பட்டதே. அவ்வளையை அணிந்த மகளிர் நொய்யற் கரையிலும் வாழ்ந்தனர்.

நெய்தலைத் தொகுத்தோரிடத்தும் இத்தொடர்பு காணப்படுகின்றது. அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு இடம்பெறும் ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இரும்பொறை மரபினர் பெயரைத் தாங்கிய தமிழிக் கல்வெட்டு கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் இன்றும் உளது. ஆகவே கடற்பாட்டைப் பேணித் தொகுப்பித்த ஆதரவுக்கு உள்நாட்டு வேரும் உண்டு எனலாம்.

இன்னும் ஒன்று கூறுதல் தகும். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று ஒவ்வோர் ஆண்டும் கொங்குச் சமவெளியில் புகுகின்றது. ஆனி ஆடித் திங்களில் கதவுகளை அறைந்து வீசும் அக்காற்று அரபிக் கடலின் மேல் கிளம்பி வருவது. கடலைக் காணாத உழவனும் அதன் மூச்சைத் தன் வயலில் நின்று உணர்கின்றான்.

3. கரைக்கு உரியோன்

தொல்காப்பியர் நெய்தல் நிலத்தைப் பெயரிட்டுச் சுட்டுமிடத்து அதன் பெருமணற் பரப்பையே அடையாளமாகக் கொள்கின்றார். மக்கள் அடி பதியும் இடம் மணல் ஆதலின் அவ்வழக்கு பொருத்தமுடையது. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். பகல் சாய்ந்து, வந்தவர் மீளும் வேளை எற்பாடு எனக் கொண்டால், மீள்வோரைப் பார்த்து நிற்போரின் உணர்வே இரங்கல் என்பது தெளிவாகும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையாக அமைந்தவை.

வந்து மீள்பவன் தலைவன். இங்கு ஒரு தடை எழலாம். நெய்தற் பாட்டில் தலைவன் துறைவன் எனவும், சேர்ப்பன் எனவும், கொண்கன் எனவும் அழைக்கப்படுகின்றானே. துறைக்கு உரியவனை அயலான் எனல் எங்ஙனம் பொருந்தும் என்பது அத்தடை. விடை கூறுவாம். அப்பெயர்கள் உரிமையைச் சுட்டுவன; உறைவிடத்தைச் சுட்டுவன என்று கொள்ளவேண்டுவதில்லை. பல பாடல்களில் அவன் தேரில் வருகின்றான். கழியைக் கடந்து வருகின்றான். தேரின் மணியொலி கேட்டு ஊரார் அலர் தூற்றுகின்றனர். அவன் மீண்டபின் மணலில் தேர்ச்சுவடு எஞ்சுகின்றது. தலைவியோ எங்கும் செல்வதில்லை. கரைக்கு உரியவன் அவன். கரையில் உறைபவள் அவள். உரிமையும் உறைவும் இவ்வாறு இருவேறு மாந்தர்பால் பிரிந்து நிற்பதிலிருந்தே நெய்தலின் இரங்கல் பிறக்கின்றது என்பது எம் துணிபு.

இதனை மிகத் தெளிவாக உரைப்பது நற்றிணையின் 45ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரிந்திலது. குறைவேண்டி வந்த தலைவனைத் தோழி விலக்கி நிறுத்துகின்றாள். இவள் கடலினுள் புகுந்து மீன் பிடிக்கும் பரதவரின் மகள். நீயோ கொடி பறக்கும் கடைவீதியையுடைய பழைய நகரில் தேர்ச்செல்வன் ஒருவனின் அன்பு மகன். அறுத்து உலர்த்திய சுறாவைக் கவர வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு எதற்கு? எங்கள்மேல் புலால் நாறும், அகன்று நில் என்கின்றாள். பெருநீரின் விளைச்சலாகிய தங்கள் வாழ்வு அவன் வாழ்வுக்கு ஒப்பாகாது என்று கூறிப் பின், தங்களிலும் தலைமை உடையோர் உளர் என்று முடிக்கின்றாள்.

இப்பாட்டில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, அழகு என்னும் சொல்லைத் தோழி வினாவாக மாற்றித் தலைவனிடமே திருப்பித் தருகின்றாள். அவன் கண்ட அழகை அவள் மறுக்கவில்லை. அதனால் தமக்கு ஆவது என்ன என்றே கேட்கின்றாள். இரண்டாவது, தன் வாழ்வைச் சுட்ட அவள் சிறுமை, நன்மை என இரண்டு அடைகளைச் சேர்த்து வைக்கின்றாள். நகரத்தின் அளவுகோலால் அது சிறியது. தன் அளவுகோலால் நல்லது. இரண்டையும் ஒருங்கே கூறும் துணிவு தாழ்வுணர்ச்சியிற் பிறப்பதன்று. மூன்றாவது, கடல் தருவதை விளைச்சல் என்று வேளாண் சொல்லாற் கூறுகின்றாள். தலைவனுக்குக் கடல் காட்சி. அவளுக்குக் கடல் வயல்.

அயலாரின் உறவு எத்துணை நிலையற்றது என்பதை நற்றிணையின் 183ஆம் பாட்டு வேறொரு வகையில் உணர்த்தும். தம் நாட்டு நெல்லைக் கொணர்ந்து உப்பாக மாற்றிக்கொள்ளும் உமணர், கரையில் தங்குவதை வெறுத்த தம் சுற்றத்தாருடன் வண்டி நிரையாகப் புறப்பட்டு மணல்வழியே செல்கின்றனர். சில நாள் தங்கிய வணிகர் செல்வதும் கரையிலுள்ளோர்க்குத் துன்பமாகின்றது. எனின் தலைவன் செல்லுதல் எத்தகையது என்பது பாட்டின் போக்கு. கடலருகு வாழ்வின் கவர்ச்சி வந்தோர்க்கு எத்தனை நாளில் தீர்ந்துவிடுகின்றது என்பதை இத்துணைச் சுருக்கமாகக் கூறிய பாட்டு அரிது. உமணர் அவ்விடத்தை வெறுத்தனர். அவர் வெறுத்துச் சென்ற இடத்திலேயே தலைவி இருக்கின்றாள்.

4. உறைவோர் கண்ட இனிமை

அங்ஙனமாயின் கரையில் உறைவோர்க்கு இனிமையே இல்லையோ எனின், உண்டு. அதன் இயல்பு வேறு.

புன்னையைச் சான்றாகக் கொள்வோம். ஆய்வேடுகளில் புன்னை நெய்தற் கருப்பொருள்களுள் ஒரு மரம். நற்றிணையின் 172ஆம் பாட்டிலோ அது தமக்கை தங்கையருள் ஒருத்தி. தோழியருடன் விளையாடுகையில் மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து அதனை வளர்த்தனர். இது உங்களினும் சிறந்தது, உங்களுக்குத் தங்கை ஆகும் என்று அன்னை கூறினாள். ஆதலின் அதன் நிழலில் நின்று உன்னொடு நகைத்து மகிழ நாணுகின்றோம். வேறு நிழல்களும் உள்ளன என்கின்றாள் தோழி. தலைவன் அங்கே தண்ணிழலைக் கண்டான். அவர்கள் உடன்பிறந்தாளைக் கண்டனர். ஒரே மரத்தின்கீழ் நிற்கும் இருவர் காண்பன இருவேறு. புன்னையைப் பட்டியலில் சேர்த்துவிட்டு மேற்செல்லும் ஆய்வு இவ்வேறுபாட்டை இழந்துவிடுகின்றது.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் மகிழ்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்களை ஓய்வு நாளிலேயே மகிழ்வோராகக் காட்டுகின்றார். நிறைமதி நாளில் வேட்டைக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடி, பனங்கள் அருந்தி, உண்டு ஆடுகின்றனர். தீமை நீங்கக் கடலில் ஆடி, பின் உடலில் ஒட்டிய மாசு போக ஆற்றில் குளிக்கின்றனர். உப்பைக் கழுவிக்கொள்ள நன்னீர் வேண்டும் என்பது கரையில் வாழ்ந்தார்க்கே தோன்றும் நுட்பம். அவ்வாறு கழுவித் தந்த நன்னீர் காவிரி. பவானியும் நொய்யலும் அமராவதியும் தம் நீரைச் சேர்த்தனுப்பிய காவிரி.

அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் உப்பு விற்கும் பெண்ணைப் பாடுகின்றார். கூற்று தலைவனுடையது, ஆதலின் அவள் கண்களின் அழகு அவனை வருத்துகின்றது. ஆயினும் உழாமல் விளைந்த உப்பு என்றும், நெல்லும் உப்பும் ஒத்த அளவில் மாற்றப்பட்டன என்றும், புதுக்குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைத்தது என்றும் தொழிலின் செய்திகள் பாட்டினுள் நிறைகின்றன. காதலனின் வாயினின்று வரும் பாட்டிலும் கரையின் உழைப்பை மறைக்க அம்மூவனார் இசையவில்லை.

இவ்விடத்தே கொங்கு நாட்டு மாணவர்க்கு வழி திறக்கின்றது. கடலைக் காட்சியாக அணுகின் அவர் அதனைக் காணாதவர். தொழிலாக அணுகின் அவர் அதனை அறிந்தவர். மீன் உணங்கலைக் காத்துப் பறவை ஓட்டும் நெய்தல் மகளும், கதிர் காத்துக் கிளி ஓட்டும் புனத்து மகளும் ஒரே வேலையைச் செய்கின்றனர். வன்னிலத்தில் கிணறு தோண்டி நீரை எதிர்நோக்கும் குடியானவனுக்குப் பெருநீரில் வலை வீசி மீனை எதிர்நோக்கும் பரதவனின் நெஞ்சம் அயல் அன்று. புலவர்தாமும் இவ்வழியை அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 163ஆம் பாட்டில் நள்ளிரவிலும் ஓயாது ஒலிக்கும் கடலை நோக்கி, நீ யாரால் வருத்தமுற்றாய் என்று தலைவி வினவுகின்றாள். அக்கரையில் பரந்த குருகுக் கூட்டத்திற்கு அம்மூவனார் தந்த உவமை, பூழியரின் வெள்ளாட்டு மந்தை. நெய்தலின் உச்சியில் நின்ற புலவர் உவமை தேடி மேய்ச்சல் நிலத்திற்குச் சென்றார். அப்பாட்டைப் பயிலும் காங்கயத்து மாணவர் பட்டியில் நிற்கும் ஆடுகளிலிருந்து தொடங்கிக் கடலைச் சென்றடையலாம்.

5. கிடைத்த உரையும் கிடையாத உரையும்

கொங்கு நாட்டார் கடலை எங்ஙனம் கற்றனர் என்பதற்கு ஒரு சான்று சிலப்பதிகார உரையில் உளது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் ஊரினர். அது கொங்கு நாட்டுக் குறும்பு நாட்டைச் சார்ந்தது என்பர். அவருடைய உரை நூல் முழுமைக்கும் கிடைத்திலது. கிடைத்த பகுதியின் இடையிலும் ஓர் இடைவெளி உண்டு, அது கானல்வரி. கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்ந்து யாழொடு பாடிய அப்பகுதிக்குப் பழைய அரும்பதவுரையே நமக்குத் துணை.

வேனிற்காதை உரையில் அவர், பஃறுளியாற்றிற்கும் குமரியாற்றிற்கும் இடையே எழுநூற்றுக் காவத நிலப்பரப்பையும் நாற்பத்தொன்பது நாடுகளையும் கடல் கொண்டதென்னும் செய்தியைப் பெயர்கள் சுட்டி விரிக்கின்றார். அச்செய்தி வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. நிலவியல் அறிவு அதற்கு இடம் தரவில்லை. உள்நாட்டு அறிஞர் ஒருவர் அம்மரபை அத்துணை விரிவாகப் போற்றினார் என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது. கடல் கவர்ந்ததைப் பேசிய உரை நம் கைக்கு வந்தது; கடற்கரையில் பாடியதைப் பேசும் உரை வரவில்லை. இது ஏட்டுச் சுவடிகளின் தற்செயலே. எனினும் கானல்வரியே கடலின் இனிமையைப் பிரிவோடு பிணைத்தே காட்டுகின்றது என்பதை மறத்தல் ஆகாது. இருவரும் காவிரியைப் பாடித் தொடங்கினர். ஒருவர் பாட்டில் மற்றவர் வேறு நினைவைக் கண்டனர். கோவலன் எழுந்து சென்றான். மாதவி தனியே மீண்டாள்.

மணிமேகலை, புகார் நகரையே கடல் கொண்டது என்று கூறும். ஆகவே தமிழ் இலக்கியத்தில் கடற்கரையின் கவர்ச்சி இழப்பை அறியாத கவர்ச்சி அன்று. இழப்பின் பக்கத்தில் வைத்து எண்ணப்பட்டது.

6. முடிபு

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன: நெய்தற் பாட்டில் கரையைக் காட்சியாகக் கண்டு மயங்குபவன் பெரும்பாலும் வந்து மீளும் தலைவன். உறைவோர்க்குக் கரை தொழிற்களமும் உறவுமாகும். உரிமை ஒருவர்பாலும் உறைவு மற்றொருவர்பாலும் நிற்பதே இரங்கலின் தோற்றுவாய். கடலில்லா நாட்டுப் படிப்போர் அத்தலைவனின் நிலையில் தம்மைக் கண்டு, தோழியின் வினாவுக்கு விடை தேடிப் படித்தல் வேண்டும். நற்றிணைத் தோழி அகன்று நில் என்று கூறியது நம்மையும் நோக்கியே.

இது பழம்பாட்டோடு முடியும் செய்தி அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மீனவர்க்குக் கரையினின்று அகன்ற இடங்களில் மனைகள் கட்டித் தரப்பட்டன. எனினும் படகையும் வலையையும் விட்டு அகல மனமின்றிக் கரையிலேயே வாழ்வோர் பலர். இன்னலை அறிந்தும் அவர் ஏன் அங்கே உறைகின்றனர் என்று உள்நாட்டார் வியப்பர். கடலோரத்தில் ஓய்வு மனை வாங்குவோரை நோக்கி அவ்வியப்பு எழுவதில்லை. உரியோனுக்கும் உறைவோளுக்கும் இடையே சங்கப் புலவர் கண்ட வேறுபாடு இன்றும் அழியவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

முதுகலை மாணவர்க்கு ஒரு பணி எஞ்சி நிற்கின்றது. அகநானூற்றில் பத்து, இருபது என வரும் எண்களையுடைய பாடல்கள் நாற்பதும் நெய்தல். அவற்றுள் கரையின் இனிமை யார் கூற்றில், எப்பொழுதில், யாரை நோக்கி உரைக்கப்படுகின்றது என்று ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். எம் துணிபுக்கு மாறான பாடல்கள் அங்குக் கிடைப்பினும் கிடைக்கலாம். கிடைப்பின் அவற்றையும் வரவேற்போம். புன்னையையும் குருகையும் எண்ணியது போதும். இனி அவற்றின் நிழலில் நின்று பேசுவோரை எண்ணுதல் வேண்டும்.